டெஸ்டர் மாப்பிள்ளையும் பின்வாசல் பிளக் பாயிண்டும்

என் மனைவியின் தம்பி எலக்ட்ரீஷியன். எங்கள் பக்கத்தில் அவனுக்கு டெஸ்டர் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவன் குடியிருக்கிற தெருவிலேயே ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுவார்கள். சட்டைப் பையில் பேனா செருகுகிற இடத்தில் டெஸ்டர் செருகியிருப்பதால் வந்த பெயர் என்று சிலர் நினைக்கிறார்கள். அதை எல்லா எலக்ட்ரீஷியனும்தான் செருகியிருக்கிறான். இவனுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் வேறு. இவன் டெஸ்டரையே டெஸ்ட் பண்ணுகிறவன்.

ஒரு கம்பியைத் தொடுவதற்கு முன்னால், கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் டெஸ்டரை வைத்து, அது எரிகிறதா என்று பார்ப்பான். பிறகுதான் தொட வேண்டிய கம்பியில் வைப்பான். எரியவில்லை. நாமாக இருந்தால் வேலையைத் தொடங்கிவிடுவோம். இவன் மறுபடியும் முதல் இடத்துக்குப் போய், நடு வழியில் டெஸ்டர் செத்துப்போகவில்லையே என்று பார்த்துவிட்டு வருவான். வீட்டுக்காரர்கள் கொட்டாவி விடுவார்கள். அதையெல்லாம் அவன் கண்டுகொள்வதில்லை.

எப்போதோ ஷாக் அடித்துப் பயந்தவன் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படியும் இல்லை. ஆயுசில் ஒரு தடவைகூட அவனுக்கு ஷாக் அடித்ததில்லை. பிறவியே அப்படி. சின்ன வயசில் விருந்தாளி மிட்டாய் கொடுத்தால் அதில் ஒரு துண்டை உடைத்து நாய்க்குப் போட்டு, நாய் நன்றாக வாலை ஆட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தின்பானாம். அவன் அக்காவை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு வந்தபோது, என்னைப் பற்றி விசாரிக்க லாரி ஷெட்டுக்கு வந்தான். நேராக என்னிடமே வந்து என் பெயரைச் சொல்லி, ஆள் எப்படி, குடிப்பாரா என்று கேட்டான். அந்த ஆள் நான்தான் என்றேன். அதை எப்படி நம்புவது என்று கேட்டான். டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் காட்டிய பிறகும் போட்டோவையும் என் மூக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பெண் பார்க்கப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். பெண் டீ கொண்டு வந்து நிற்கிறாள். எல்லாரும் பெண்ணைப் பார்க்கிறோம். இவன் பெண்ணின் தலைக்கு மேலே சுவரில் இருந்த சுவிட்ச் போர்டைப் பார்க்கிறான். ஏதாவது பேசுடா என்று அவன் அக்கா இடித்தாள். பெண்ணிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "இந்த வீட்டுல எர்த் இருக்கா?" என்பதுதான். எனக்கு மானம் போயிற்று. அந்தப் பெண் அசரவில்லை. "இருக்கு. நம்பிக்கை இல்லன்னா தொட்டுப் பாத்துக்குங்க" என்றாள். இவன் நிஜமாகவே எழுந்து போய் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். இருந்தது. கல்யாணமும் நடந்தது.

அவன் தொழில் செய்கிற முறையில் இன்னொன்றும் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் மெயின் போர்டிலிருக்கும் பீங்கான் ப்யூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுவான். அணைத்துவிட்டேன் என்று யார் சத்தியம் செய்தாலும் அவனுக்குக் காது கேட்காது. அவன் இறங்கி வருகிறவரை அந்த வீட்டுக் கரண்ட் அவன் நெஞ்சோடு இருக்கும். சில நாள் மறந்துபோய் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவான். துணி துவைக்கும்போது அவன் மனைவி பையிலிருந்து எடுத்து ஜன்னல் மேடையில் வைப்பாள். இருட்டில் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரர் தேடிக்கொண்டு வந்தால், இதில் உங்களுடையது எது என்று காட்டுவாள்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் நாங்கள் பின்வாசலில் இரண்டு பிளக் பாயிண்ட் கேட்டோம்.

முதுகு போய் நான் லாரியை விட்டு இறங்கிய பிறகு வீடு என் மனைவியின் கையில் நின்றது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் லாட்ஜின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டுத் தருகிற வேலையை அலைந்து பிடித்திருந்தாள். திங்கட்கிழமை காலை முதல் மூட்டை வரும், புதன்கிழமை மடித்துக் கொடுக்க வேண்டும், ஒரு தடவை தவறினாலும் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். உள்ளே இடமில்லாததால் வாஷிங் மெஷினைப் பின்வாசலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தோம். இஸ்திரி மேசையும் அங்கேதான். கரண்டுக்கு, சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, இணைப்பில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருந்தேன். எனக்கு அது போதுமானதாகத்தான் தெரிந்தது.

டெஸ்டர் வந்து பார்த்தான். ஈரத் தரையையும், அக்காவின் வெறுங்காலையும், என் பிளாஸ்டிக் பையையும் பார்த்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கட்டிங் பிளேயரை எடுத்து என் வயரை ஒரே வெட்டாக வெட்டினான். புது வயர் அது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். வாங்கிக்கொண்டு, மறுநாள் சாமான்களோடு வந்தான்.

வேலை சுத்தமாகத்தான் செய்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சரிவாகப் போட்டான், மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. வயர் போகிற பைப்பை பிளக் பெட்டியின் அடிப்பக்கமாக நுழைத்தான். ரப்பர் வைத்த, மூடி போட்ட பிளக் பாயிண்ட் இரண்டு. மெஷினுக்கு ஒன்று, இஸ்திரிக்கு ஒன்று. மூடியைத் திறந்து கையை விட்டால் தானே வந்து மூடிக்கொள்கிறது. பிறகு உள்ளே போர்டில் ஒரு ட்ரிப் சுவிட்சை மாட்டி, பின்பக்கத்து லைன் முழுவதையும் அதன் வழியாகக் கொண்டுபோனான். ஒரு வழியில் போகிற கரண்ட் அதே அளவு மறு வழியில் திரும்பி வராவிட்டால், அது எங்கேயோ கசிகிறது என்று அர்த்தமாம், அந்தக் கசிவு ஆள் உடம்பு வழியாகவும் இருக்கலாமாம், உடனே அந்த சுவிட்ச் தானாக விழுந்துவிடுமாம்.

எனக்கு ஒன்று உறுத்தியது. இஸ்திரி பாயிண்டை மேசைக்கு இடது பக்கம் வைத்திருந்தான். என் மனைவி வலது கைக்காரி. வயர் குறுக்கே விழுமே, ஏன் இந்தப் பக்கம் என்று கேட்டேன். "இருக்கட்டும் மாமா" என்றான். அவ்வளவுதான் பதில்.

அன்று சாயங்காலம் மெஷினை ஓட்டிப் பார்த்தோம். பாதி சுற்றியது. டக் என்று ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. தூக்கி விட்டோம், விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினால் நின்றது. மறுநாள் காலையில் யாரும் எதையும் தொடாதபோதே விழுந்தது. மெஷின் பிளக்கைப் பிடுங்கி வைத்தோம், அப்போதும் விழுந்தது. மத்தியானம் முழுக்க மெஷின் நன்றாக ஓடியது. சாயங்காலம் மறுபடியும் விழுந்தது. பேய் பிடித்தவள் மாதிரி அதற்கென்று ஒரு நேரம், ஒரு மனசு.

டெஸ்டர் மெஷினைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான். இரண்டு பாயிண்டையும் கழற்றிப் பார்த்தான். ட்ரிப் சுவிட்சைக் கழற்றிக்கொண்டுபோய் வேறு வீட்டில் மாட்டிப் பார்த்துவிட்டு, நல்ல சாமான்தான் என்று திரும்பக் கொண்டுவந்தான். பின்சுவரில் உயரத்தில் இருந்த பழைய ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து டெஸ்டரோடு நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் இறங்கி, ட்ரிப் விழுந்து கிடக்கும்போதும் கரண்ட் திரும்பி வருகிற நியூட்ரல் கம்பியில் சில சமயம் டெஸ்டர் எரிகிறது, எரியவே கூடாத கம்பி அது, வீட்டுக்குள் எங்கிருந்தோ வேறு கரண்ட் நுழைகிறது என்றான். எங்கிருந்து என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். தெரிகிறவரை மெஷினைத் தொடக்கூடாது என்றான்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. டீக்கடையில் ஒரு விஷயம் காதில் விழுந்திருந்தது. டெஸ்டரின் மனைவியும் அந்த லாட்ஜ் மேனேஜரைப் போய்ப் பார்த்தாளாம். எதற்குப் பார்த்தாள்? கூட்டிக் கழித்துப் பார்த்தேன். திங்கட்கிழமை நம் மெஷின் ஓடாவிட்டால் வேலை யாருக்குப் போகும்? இரண்டு நல்ல பிளக் பாயிண்டை மாட்டிக் கொடுத்துவிட்டு, அது வேலை செய்யாமல் இருக்க ஒரு சாமானையும் கூடவே மாட்டிக் கொடுப்பவனை வேறு எப்படி நினைப்பது? மனைவியிடம் சொன்னேன். என் தம்பியைப் பற்றி எனக்குத் தெரியும் என்றாள். அவன் சந்தேகப் பிராணி என்பது ஊருக்கே தெரியும், அதை நானும் மறுக்கவில்லை, மற்றவர்கள் சந்தேகப்பட்டால் மட்டும் ஏன் பாவமாகிவிடுகிறது என்று கேட்டேன். அவள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

சனிக்கிழமை அவனிடம் நேராகவே சொன்னேன். "மாப்ள, அந்த ட்ரிப்பைக் கழட்டிட்டு டைரக்டா குடு. கசிஞ்சா கசியட்டும். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க."

"குடுக்க மாட்டேன்."

"நீ குடுக்கலன்னா வேற ஆளே கிடையாதா? மார்க்கெட்ல கடை போட்டிருக்கானே, அவன் டீ ஆறுறதுக்குள்ள குடுத்துட்டுப் போயிடுவான்."

அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். அன்றைக்கு ஷெட்டில் என் மூக்கைப் பார்த்த அதே பார்வை. போர்டுக்குப் போய் மெயின் ப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஏணியில் ஏறப்போகிறான் என்று நினைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டான். வீடே செத்துப்போயிற்று. மின்விசிறி சுற்றி அடங்குகிறவரை நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மார்க்கெட்காரனுக்குப் போன் பண்ண எண்ணைத் தேடி வைத்திருந்தது உண்மை. நான் வெறும் வாய்ச்சவடால் விடவில்லை என்பது இவனுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் இன்று வரை எனக்குப் புரியவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சோறு போடும்போது என் மனைவி அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டு முழுக்க எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ப்யூஸோடு வந்தான். மாட்டினான். போர்டுக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு, தூண்டில் போட்டவன் மாதிரி ட்ரிப் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். டீ கொடுத்தால் பார்வையை எடுக்காமல் குடித்தான். நாளைக்கு மூட்டை வருகிறது. என் மனைவி பின்வாசலில் மெஷினைத் துடைத்தாள், துடைத்த மெஷினையே மறுபடியும் துடைத்தாள்.

கண்டுபிடித்தது அவள்தான்.

"தம்பி" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இப்ப விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்து வீட்டுல குளியலறைத் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டுச்சு. நேத்து காலையிலயும் அந்தச் சத்தத்துக்கு அப்புறம்தான் விழுந்துச்சு. இவங்க அண்ணன் குளிக்கப் போனா நம்ம ட்ரிப் விழுது."

பக்கத்து வீடு என்பது என் அண்ணன் வீடு. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா கட்டியது ஒரே வீடு. அண்ணனும் நானும் நடுவில் சுவர் எழுப்பி அதை இரண்டாக்கினோம். அப்போது எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்தோம். கதவு, ஜன்னல், பாத்திரம், கோணி ஊசி வரைக்கும். நீளமான ஏணி ஒன்று இருந்தது. அதை யார் எடுப்பது என்று தீராமல், ரம்பத்தை வைத்து நடுவில் அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். என் பாதியை வைத்து ஒட்டடைகூட அடிக்க முடியாது. அதற்குப் பிறகு அண்ணனும் நானும் பேசியதில்லை. தெருவில் எதிரே வந்தால் இருவரில் ஒருவருக்குத் திடீரென்று செருப்பு வார் அறுந்துவிடும், குனிந்துகொள்வோம்.

அக்கா சொன்னதை டெஸ்டர் உடனே நம்பவில்லை. இன்னொரு தடவை பார்க்கலாம் என்றான். அண்ணி குளிக்கப் போகிறவரை காத்திருந்தோம். தாழ்ப்பாள் விழுந்தது. டக். இங்கே ட்ரிப் விழுந்தது. பிறகு அண்ணன் பையன் போனான். டக். டெஸ்டரின் முகத்தில் அன்றுதான் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இத்தனை வருஷமாக என் கரண்டைத் திருடிக் குளித்திருக்கிறார்கள் என்றேன். டெஸ்டர் தலையை ஆட்டினான்.

"திருடல மாமா. கரண்ட் அவர் மீட்டர்லதான் ஓடுது. அந்தக் குளியலறை லைட்டுக்குப் போற கம்பி அவங்க போர்டுலேர்ந்து போகுது. திரும்பி வர்ற கம்பி மட்டும் இந்தச் சுவத்துல இருக்கிற பழைய பாக்ஸ் வழியா உங்க வீட்டுக்கு வருது. வீட்டைப் பிரிச்சப்ப அந்த ஒரு கம்பியைப் பிரிக்க மறந்துட்டீங்க. போகாத கரண்ட் திரும்பி வந்தா ட்ரிப் விழாம என்ன செய்யும்?"

கோணி ஊசியைப் பிரித்தவர்கள் நாங்கள். நம்ப முடியவில்லை. ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை. பாக்ஸைத் திறந்து வைத்திருந்த அன்று அந்தக் கம்பியை அவன் அவிழ்க்கப் போனானாம். நம் ப்யூஸ் அவன் பையில்தான் இருந்தது. அவிழ்த்துக் கையில் பிடித்திருக்கும்போது பக்கத்து வீட்டில் யாராவது சுவிட்சைப் போட்டிருந்தால், பையில் இருந்த ப்யூஸ் எந்த வகையிலும் அவனைக் காப்பாற்றியிருக்காது. கையிலிருந்த டெஸ்டர் எரிவதும் அணைவதுமாக இருந்ததால்தான் கையை எடுத்துக்கொண்டானாம். இதைச் சொல்லும்போது அவன் குரல் மாறவில்லை. என் மனைவிதான் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கம்பியைப் பிரித்து, அண்ணனின் குளியலறைக்கு அவர் போர்டிலிருந்தே தனியாக ஒன்று இழுத்துவிட்டால் தீர்ந்தது என்றான். அதற்கு இரண்டு வீட்டிலும் கரண்ட் இருக்கக் கூடாது. அண்ணன் வீட்டுக்குள் போக வேண்டும். அவரைக் கூப்பிட வேண்டும்.

"நீயே கூப்பிடு" என்றேன்.

"எனக்கு அவர் அண்ணன் இல்ல" என்றான்.

நாளைக் காலை மூட்டை வருகிறது. என் மனைவி வாஷிங் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பின்வாசல் மதிலுக்குப் போய்த் தொண்டையைச் செருமினேன். அதற்கு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. "அண்ணே" என்றேன். அந்தச் சொல் வாயில் துருப்பிடித்துப் போயிருந்தது.

மதிலுக்கு மேலே அண்ணனின் தலை வந்தது. நரைத்திருந்தது.

"என்ன?"

"உன் குளியலறை லைட்டு எரியுதா?"

"அணைக்கிறவன் நீ. எரியுதான்னு என்கிட்டயே கேக்கறியா?" என்றார். "போட்டா ஒரு மின்னு மின்னிட்டு அணையுது. நாலஞ்சு நாளா இருட்டுல குளிக்கறேன். பல்பை மாத்தினேன், சுவிட்சை மாத்தினேன். இந்தப் பக்கத்து வேலைதான்னு எனக்குத் தெரியாதா?"

"என் மெஷினை ஓட விடாம பண்றது நீதான்னு நான் நினைச்சிட்டிருக்கேன்."

"நான் என்னடா பண்ணேன்? நான் குளிச்சேன்."

டெஸ்டர் நடுவில் புகுந்து விளக்கினான். ட்ரிப் விழும்போது இரண்டு வழியும் அறுந்துவிடுவதால்தான் அவருடைய லைட்டும் அணைந்தது என்றான். அண்ணன் நம்பவில்லை. தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். தெருவைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்று, கழற்றினார். அண்ணியைக் குளியலறை சுவிட்சைப் போடச் சொன்னோம். டக். அணைக்கச் சொல்லி, தூக்கிவிட்டு, மறுபடியும் போடச் சொன்னார். டக். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு, டெஸ்டரைப் பார்த்து, ஏதோ ரிமோட் வைத்திருக்கிறாயா என்று அவன் கையை விரிக்கச் சொன்னார். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். தன்னைப் போல ஒரு ஆளை வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த மரியாதை அவன் முகத்தில் இருந்தது.

அடுத்த தகராறு ப்யூஸில் வந்தது. வேலையை ஆரம்பிக்க இரண்டு வீட்டு ப்யூஸும் தன் பைக்கு வர வேண்டும் என்றான் டெஸ்டர்.

"என் ப்யூஸ் இவன் மச்சான் பைக்குப் போகாது" என்றார் அண்ணன். தன் கையிலேயே வைத்திருப்பதாகச் சொன்னார்.

"உங்க கையில இருந்தா நான் ஏற மாட்டேன்" என்றான் டெஸ்டர். "மறந்து மாட்டிடுவீங்க. மறக்காமலும் மாட்டிடுவீங்க."

இருவரும் அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் மனைவி, தம்பி, ஏதாவது வழி சொல்லுடா என்றாள். அவன் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் அளந்து பார்த்தான்.

"சரி. பெரிய மாமா ப்யூஸ் மாமா கையில இருக்கட்டும். மாமா ப்யூஸ் பெரிய மாமா கையில இருக்கட்டும். ரெண்டு பேரும் என் கண்ணுல படற மாதிரி இங்கயே உக்காருங்க."

"இதுல என்ன பாதுகாப்பு?" என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியம் செஞ்சு நான் பாத்ததில்ல. எனக்கு அது போதும்."

அப்படியே உட்கார்ந்தோம். பின்வாசலில் இரண்டு ஸ்டூல். என் கையில் அண்ணன் வீட்டுக் கரண்ட், அவர் கையில் என் வீட்டுக் கரண்ட். டெஸ்டர் இரண்டு போர்டிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தான், தெருவிளக்குக் கம்பத்துப் பெட்டியில் டெஸ்டரையே சரிபார்த்தான், திரும்ப வந்து மறுபடியும் வைத்துப் பார்த்தான். பிறகு தன் ஏணியில் ஏறினான். எங்கள் பாதி ஏணியை அவன் என்றுமே நம்பியதில்லை.

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு என்ன செய்வது? அவருடைய ப்யூஸைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே சுற்றியிருந்த கம்பி அநியாயத்துக்குத் தடிமன்.

"இதுல என்ன சைக்கிள் செயினைச் சுத்தி வச்சிருக்க?" என்றேன். "வீடே எரிஞ்சாலும் இது போகாது."

"உன்னோடதுல பாதிப் பீங்கானைக் காணோம்" என்றார். "பல்லு விழுந்த கிழவன் மாதிரி இருக்கு."

சுவரில் டெஸ்டர் கம்பியை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த ஏணி வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"இருக்கு. எதுக்கும் எட்ட மாட்டேங்குது. உன்னோடது?"

"கோழிக் கூண்டுல சாத்தி வச்சிருக்கேன். கோழிதான் ஏறுது. அதுவும் மேல போய் முழிச்சிட்டு நிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். அவருக்கும் தோள் குலுங்கியது. இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம்.

சுவரில் சத்தம் நின்றது. டெஸ்டர் ஏணியிலிருந்து எங்களைத் திரும்பிப் பார்த்தான். கையில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, படி படியாக இறங்கி, எங்கள் முன்னால் வந்து கையை நீட்டினான்.

"ரெண்டையும் குடுங்க."

"ஏன்டா?" என்றார் அண்ணன்.

"சிரிக்கிறீங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். மறு பேச்சு பேசாமல் கொடுத்தார். நானும் கொடுத்தேன். இரண்டு பீங்கானும் அவன் பையில் இடித்துக்கொள்ள, அவன் மறுபடியும் டெஸ்டரை டெஸ்ட் பண்ணப் போனான்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. பழைய பாக்ஸிலிருந்து அந்தக் கம்பியை வெட்டி எடுத்து என்னிடம் காட்டினான். அப்பா காலத்துக் கம்பி, மேல் உறை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். பாதி கேட்பாரோ என்று இருந்தது எனக்கு. கேட்கவில்லை.

மறுநாள் மூட்டை வந்தது. என் மனைவி புதுப் பிளக் பாயிண்டின் மூடியைத் தூக்கிச் செருகினாள். மெஷின் சுற்றியது. பக்கத்தில் தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்தோம். ட்ரிப் சுவிட்ச் அப்படியே நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன், "எரியுதுடா" என்று குரல் கொடுத்தார்.

விரிப்புகள் காய்ந்த பிறகு டெஸ்டரின் மனைவி ஒரு பையோடு வந்து, "அண்ணி, எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?" என்றாள் என் மனைவியிடம். மேசைக்கு வந்து நின்று இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். இடது கையால் எடுத்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிளக் பாயிண்ட் ஏன் இடது பக்கம் வந்தது, அவள் லாட்ஜுக்கு எதற்குப் போனாள், எல்லாம். துவைப்பது இவள், இஸ்திரி அவள் என்று முதலிலேயே பேசி முடித்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று மனைவியைக் கேட்டேன். சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பீர்கள் என்றாள்.

டெஸ்டர் இன்னும் வாரா வாரம் வந்து இரண்டு மூடியையும் திறந்து பார்க்கிறான். ட்ரிப் சுவிட்சில் இருக்கிற பரிசோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்க்கிறான். நாங்கள் அழுத்தியாயிற்று என்று சொன்னால் கேட்க மாட்டான்.

பக்கத்து வீட்டில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் இப்போதும் நாங்கள் எல்லாரும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து போர்டைப் பார்க்கிறோம். விழுவதில்லை. இருந்தாலும் பார்க்கிறோம்.